கேள்வியால் வந்த நாவன்மை

1813-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டன் மாநகரின் ஆல்பெமார்ல் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞான ஸ்தாபனத்தில், குப்பிகளைக் கழுவவும் பிரசங்க மேசையில் கருவிகளை எடுத்து வைக்கவும் சில மாதங்களுக்கு முன்புதான் நியமனம் பெற்றிருந்த 21 வயது வாலிபர் ஒருவர், பெஞ்சமின் அபட் என்னும் தம் நண்பருக்கு நான்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். பிரசங்கம் செய்வோனிடம் அமைய வேண்டிய லட்சணங்கள் யாவை, மண்டபம் எவ்வடிவில் இருத்தல் வேண்டும், அதனுள் காற்று எவ்வாறு வந்து போக வேண்டும், எத்தனை நேரம் பேசினால் சபை தாங்கும், படங்களையும் கருவிகளையும் எங்கே வைத்தால் கடைசி வரிசையில் இருப்பவன் கண்ணுக்கும் படும் என்பனவெல்லாம் அக்கடிதங்களில் விரிவாக ஆராயப்பட்டிருந்தன. எழுதியவரோ அதுவரை பிரசங்க மேடையில் ஏறியவர் அல்லர். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1816 ஜனவரியிலேதான் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தப் போகிறவர். அவர் பெயர் மைக்கேல் பாரடே.

மேடை ஏறாதவன் மேடைக்கு இலக்கணம் வகுப்பதா என்று நகைக்கத் தோன்றும். ஆயினும், பிற்காலத்தில் விஞ்ஞானத்தை மக்களுக்கு எடுத்துரைப்பதில் தமக்கு நிகரில்லாதவர் என்று இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்ற அவருடைய வன்மைக்கு ஊற்றுக்கண் எங்கே இருந்தது என்று தேடப் புகுவோர், அவர் பேசிய பேச்சுக்களைக் காட்டிலும் இந்த நான்கு கடிதங்களையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூன்று ஆண்டுக் காலம் பலகையில் அமர்ந்து பிறர் பேசக் கேட்டவன், எந்த இடத்தில் தனக்கு விளங்கியது, எந்த இடத்தில் விளங்காமல் போயிற்று, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று கணக்கு வைத்திருந்து எழுதிய கடிதங்கள் அவை. கருத்தைப் பிறர் உள்ளத்தில் பதிய வைக்கும் சாமர்த்தியம் செவியின் பயிற்சியிலிருந்தே நாவுக்கு வருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வள்ளுவர், கல்வியையும் கல்லாமையையும் அடுத்துக் கேள்வியை வைத்துவிட்டு, இருபதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் கடந்த பின்னரே சொல்வன்மைக்கு வருகிறார். அந்த வைப்பு முறைக்கு உரைகாரர்கள் வேறு காரணம் காட்டுவார்களாயினும், பாரடேயின் சரித்திரத்தைப் படிப்பவனுக்கு அது இயல்பான வரிசையாகவே தோன்றும்.

அவர் பிறந்தது 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள். தந்தை கொல்லர், வறுமை மிக்க குடும்பம். சிறு பிராயத்தில் ரகர ஒலி அவர் நாவில் வராது. தமையன் ராபர்ட்டின் பெயரைத் திருத்தமாகச் சொல்லாத குற்றத்துக்காக அவரை அடிப்பதற்குப் பிரம்பு வாங்கி வரும்படி உபாத்தியாயினி அந்தத் தமையனிடமே அரைப் பென்னி கொடுத்தனுப்பினாள் என்றும், அவன் காசை வீசியெறிந்துவிட்டுத் தாயிடம் ஓடிச் சொல்ல, அந்த அம்மாள் பிள்ளைகள் இருவரையும் அப்பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டாள் என்றும் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 14-ஆம் வயதில் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகச் சேர்ந்து, அங்கே ஏழாண்டு கழித்தார். தைப்பதற்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தார். டேட்டம் என்ற வெள்ளிவேலைக்காரர் தம் வீட்டில் நடத்திவந்த பௌதிகப் பிரசங்கங்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஒரு ஷில்லிங் கட்டணத்தைத் தமையன் கொடுத்துதவ, 1810 முதல் போய்க் கேட்டார். 1812-இல், கடைக்கு வாடிக்கையாக வந்த கனவான் ஒருவர் அன்போடு தந்த அனுமதிச் சீட்டுக்களின் உதவியால், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ரசாயன அறிஞர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய கடைசிப் பிரசங்கங்களில் நான்கினைக் கடிகாரத்துக்கு மேலிருந்த மாடத்தில் அமர்ந்து கேட்டார். கேட்டவற்றை வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, கருவிகளின் படங்களை வரைந்து சேர்த்து, தம் கையாலேயே பைண்டு செய்து, அவ்வாண்டு இறுதியில் டேவிக்கே அனுப்பி வைத்தார். தாம் பேசியது இன்னொருவன் செவி வழியே புகுந்து இத்தனை ஒழுங்காகத் திரும்பி வந்ததைக் கண்ட டேவியின் மனநிலையை நாம் ஊகிக்கலாம். பாரடேக்கு வேலை கிடைத்ததற்கு அந்தப் புத்தகமே சிபாரிசாக அமைந்தது.

அவர் பைண்டு செய்யும்போது படித்த நூல்களுள் ஒன்று, ரசாயன சாஸ்திரத்தைச் சம்பாஷணை ரூபமாக விளக்குவது. 1806-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதை எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் மாதரசி. அந்நூல் பிறந்த வரலாறு நம் விஷயத்துக்கு நெருங்கிய தொடர்புடையது. அந்த அம்மையார் இதே ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்குச் சென்று டேவியின் பிரசங்கங்களைக் கேட்டவர். மேசைமேல் வேகவேகமாக நிகழ்ந்த சோதனைகளும் பேச்சும் அவருக்கு மயக்கத்தையே தந்தன. பின்னர் நண்பர் ஒருவரோடு அவ்விஷயங்களைக் கேள்வியும் விடையுமாகப் பேசிப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெளிவு பிறந்தது. தமக்குத் தெளிவு வந்த வழியிலேயே பிறரையும் அழைத்துச் செல்வோம் என்று கருதி, ஒரு ஆசிரியையும் இரு சிறுமியரும் உரையாடுவதாக நூலை அமைத்தார். அச்சிறுமியருள் ஒருத்தி அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்வாள், இடைமறிப்பாள், அலுத்துக்கொள்வாள். படிப்பவனுக்கு எழக்கூடிய சந்தேகம் அவள் வாயில் முன்கூட்டியே வந்துவிடும். பாரடே அந்நூலில் சொல்லியவற்றுள் தம் காசுக்கு எட்டிய சிறு சோதனைகளைச் செய்து பார்த்து, அவை மெய்யாக இருக்கக் கண்டு, அதன்மேல் அசையாத நம்பிக்கை கொண்டார். 1858-இல் அந்த அம்மையார் மறைந்தபோது, பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தம் கடன் எவ்வளவு பெரிதென்று அவர் மனமுருகி விவரித்திருக்கிறார். உலகப் புகழ் பெற்ற பின்னும் தாம் வெளியிட்ட ஆராய்ச்சிகளை அந்த அம்மையாருக்குக் காணிக்கைபோல் அனுப்பிக்கொண்டிருந்தாராம். டேவியைக் கேட்டு விளங்காமல் திகைத்த ஒருவர் எழுதிய நூலே பாரடேயை டேவியிடம் கொண்டுவந்து சேர்த்தது.

இவ்விடத்தில், அதே மேடையில் நின்ற வேறொருவரையும் நினைத்துப் பார்த்தல் தகும். ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1799-இல் நிறுவப்பட்டது. அங்கே 1801 முதல் 1803 வரை பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் யங்; ஒளி அலை வடிவானது என்பதை நிலைநாட்டியவர்களுள் முதல்வர், பல பாஷைகளில் பண்டிதர், எகிப்தியரின் பழைய சித்திர எழுத்துக்களை வாசிப்பதற்கு அடிகோலியவர். மேதையில் அவருக்கு டேவி சமமாகார். எனினும் யங் பேசியபோது சபை குறைந்தது. பேச்சு மிகவும் செறிவாகவும் நுட்பமாகவும் இருந்தமையால் கேட்க வந்த சீமான்களும் சீமாட்டிகளும் பின்தொடர இயலாது தவித்தனர். இரண்டே ஆண்டில் அவர் விலகிக்கொண்டார். டேவி பேசிய நாட்களிலோ, வண்டிகள் நெருங்கி நின்று தெருவே அடைபட்டமையால் அதை ஒருவழிப் பாதையாக்க நேர்ந்தது என்பர். யங் தம் பிரசங்கங்களை 1807-இல் இரண்டு பெரிய சம்புடங்களாக வெளியிட்டார். இன்றும் அறிஞர்கள் வியந்து படிக்கும் புத்தகம் அது. அறிவு நிரம்பியிருப்பது வேறு, அதைக் கைமாற்றிக் கொடுப்பது வேறு என்பதை எல்லோரும் வாயளவில் ஒப்புக்கொள்வார்கள். யங்கின் விஷயத்தில் அந்த வேறுபாடு இரண்டு ஆண்டுக் காலம் ஒரு மண்டபத்தில் வாரந்தோறும் அரங்கேறியது.

இனி, அபட்டுக்கு எழுதிய கடிதங்களுக்கு வருவோம். பிரசங்கி அவசரப்படலாகாது, சொற்கள் தெளிந்து விழ வேண்டும், மேசையோடு ஒட்டிவைத்தாற்போலவோ தரையில் திருகாணி கொண்டு முடுக்கினாற்போலவோ நிற்றல் கூடாது, ஆயினும் கைகால் ஆட்டம் மிகுதலும் ஆகாது, சபையோருக்கு முதுகைக் காட்டலாகாது, தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காலத்தைப் போக்கலாகாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார்த்தி வைப்பது தகாது, தொடக்கத்தில் மூட்டிய ஆவலை முடிவுவரை அணையாமல் காக்க வேண்டும். இவை எந்தப் பாடநூலிலும் கிடைப்பவைதாம். அவற்றினூடே காணப்படும் வேறு சில குறிப்புக்களே என்னை நிறுத்தி வைக்கின்றன. மண்டபத்தில் நல்ல காற்றில்லாவிட்டால் எவ்வளவு அரிய பேச்சும் வீண் என்கிறார். மூச்சுத் திணறிய ஒருவன்தான் இதை நினைவில் வைத்திருப்பான். பேசுவோன் தன் பேச்சின் சூட்டில் காற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கைதட்டலுக்காகத் தூண்டில் போடும் பிரசங்கி தன் கௌரவத்தைத் தானே இழக்கிறான் என்றும் எழுதுகிறார். நம் நாட்டு மேடைகளைப் பற்றி இதற்குமேல் நான் ஏதும் எழுதாமல் விடுவதே மரியாதை.

கடிதம் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. நா திருந்த வேண்டுமென்று 1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற உச்சரிப்பு ஆசிரியரிடம், சொற்ப வருமானத்திலிருந்து பணம் கொடுத்து, பாடம் கேட்டார். பிற்காலத்தில் தாமே பேசும்போது அதே ஆசிரியரைச் சபையில் உட்கார வைத்துத் தம் குறைகளைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லும்படி ஏற்பாடு செய்தார். பேச்சின் வேகம் மிகும்போது, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையையும், நேரம் நெருங்கும்போது ‘நேரம்’ என்று எழுதிய அட்டையையும் தம் முன் வைக்கும்படி உதவியாளருக்குச் சொல்லியிருந்தார். அந்த உதவியாளர் ஆண்டர்சன், பீரங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆணையிட்டதைச் செய்வதில் அணுவளவும் பிசகாதவர். பாரடே கீர்த்தியின் உச்சியில் இருந்தபோதும் அந்த அட்டைகள் விலகவில்லை. நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு புதிய சோதனையைச் செய்துகாட்ட முற்பட்டபோது, “சற்றுப் பொறுங்கள், நான் எதைப் பார்க்க வேண்டும்?” என்று கையைப் பிடித்து நிறுத்தினார் என்றொரு செய்தி வழங்குகிறது. கண்டுபிடிப்பாளராக உலகம் வணங்கிய ஒருவர், பார்வையாளனாக இருக்கும்போது தனக்கு என்ன தேவை என்பதை அத்தனை தெளிவாக அறிந்திருந்தார். எதைப் பார்ப்பதென்று தெரியாமல் பார்ப்பவன் ஒன்றையும் பார்ப்பதில்லை. அவர் தம் சபையை அந்த இடரில் ஒருபோதும் தள்ளியதில்லை.

1825-இல் சோதனைச்சாலையின் தலைவரான பின்னர், அங்கத்தினரும் விருந்தினரும் கூடும் வெள்ளிக்கிழமை மாலைப் பிரசங்கங்களையும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்று நடத்தும் வரிசையையும் அவர் நிலைபெறச் செய்தார். வெள்ளிக்கிழமைகளில் நூற்றுக்கு மேற்பட்ட முறை அவரே பேசினார். சிறுவர்க்கான வரிசையை 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை நடத்தினார். அவற்றுள் மெழுகுவர்த்தியின் ரசாயன வரலாறு என்னும் ஆறு பிரசங்கங்கள் மிகவும் பிரசித்தமானவை. 1848-இல் ஒருமுறை நிகழ்த்தியதை, 1860 டிசம்பரில், தம் 69-ஆம் வயதில், மீண்டும் எடுத்துக்கொண்டார். வில்லியம் குரூக்ஸ் என்பவர் அவற்றைப் பதிப்பித்து 1861-இல் நூலாக்கினார்.

பௌதிகத்துக்குள் நுழைவதற்கு மெழுகுவர்த்தியைவிடச் சிறந்த வாயில் இல்லை என்று அவர் தொடங்குகிறார். அரசகுமாரன் முதல் வேலைக்காரச் சிறுமி வரை அன்று அதை அறியாதவர் இல்லை; அறிந்தவர் எவரும் அதை உற்றுப் பார்த்ததும் இல்லை. வயது முதிர்ந்தவரிடம் பேசுவதாக எண்ணாமல், சிறுவனாகவே நின்று சிறுவரோடு பேசும் உரிமையைத் தமக்குக் கொடுக்கும்படி அவர் கேட்டுக்கொள்கிறார். பின்னர், 1782-இல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலிலிருந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உப்புநீரில் கிடந்த பின் எடுக்கப்பட்ட மெழுகுவர்த்தி ஒன்றைக் காட்டி அதைக் கொளுத்துகிறார், அது எரிகிறது. வேடிக்கைக்குச் செய்தது என்று நினைக்கத் தோன்றும் இந்தச் செயலுக்குள், பொருளின் தன்மை காலத்தாலும் கடலாலும் மாறவில்லை என்னும் பாடம் ஒளிந்திருக்கிறது. அவர் அதை விண்டு சொல்வதில்லை.

பின்வரும் அமைப்பைக் கவனிக்க வேண்டும். எரியும் வர்த்தியின் உச்சியில் ஒரு சிறு கிண்ணம் தானாக உருவாகி, உருகிய மெழுகு அதில் தேங்கி நிற்கிறது. ஏன் விளிம்பு உருகவில்லை? சுடரின் வெப்பத்தால் மேலேறும் காற்றுக்கு ஈடுசெய்ய நாற்புறமிருந்தும் வரும் குளிர்ந்த காற்று விளிம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. அழகுக்காக வரிவரியாக வார்த்த வர்த்திகளில் அந்தக் காற்றோட்டம் ஒழுங்காக அமையாமையால் மெழுகு வழிந்தோடுகிறது. பார்வைக்கு அழகானது பயனில் தோற்கிறது. நல்லது, கிண்ணத்தில் நிற்கும் மெழுகு திரியின் உச்சிக்கு எப்படி ஏறுகிறது? நிறமேற்றிய உப்புக் கரைசலைத் தட்டில் ஊற்றி, அதன் நடுவே ஒரு உப்புத் தூணை நிறுத்துகிறார். நீலநிறம் தூணில் மெல்ல ஏறுவதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். தந்துகிக் கவர்ச்சி என்று பெரியோர் பெயரிட்டுப் பயமுறுத்துவதை, கைகழுவிய பின் துவாலையின் நுனியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு மறந்துபோன எந்தப் பையனும் அறிவான் என்று காட்டிவிடுகிறார். ஏறிய மெழுகு என்னவாகிறது? வர்த்தியை ஊதி அணைத்து, எழும் புகைக்கோட்டில் சற்றுத் தூரத்தில் கொள்ளியைக் காட்டுகிறார். நெருப்பு அந்தக் கோட்டின் வழியே ஓடிவந்து திரியைப் பற்றுகிறது. அப்படியானால் எரிவது ஆவி. சுடரின் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, அந்த ஆவியைக் குழாய் வழியே வெளியே கொணர்ந்து, மறுமுனையில் இன்னொரு சுடரை ஏற்றிக் காட்டுகிறார்.

ஒரு சோதனை முடிந்தவுடன் பார்ப்பவன் மனத்தில் எந்தக் கேள்வி இயல்பாக எழுமோ அதற்கு விடையாகவே அடுத்த சோதனை வந்து நிற்பதைக் காணலாம். பிரசங்கி தன் சாஸ்திரத்தின் வரிசையைப் பின்பற்றியிருந்தால், தனிமங்களின் பட்டியலிலிருந்து தொடங்கி மூலக்கூறுகளுக்கு வந்து இறுதியில் எரிதலை விளக்கியிருப்பான்; அதுவே பாடப் புத்தகங்களின் முறை, அதில் குற்றமும் இல்லை. பாரடே பின்பற்றியது கேட்போன் மனம் நகரும் வரிசை. அந்த வரிசையில் சென்றே, வர்த்தி எரியும்போது தண்ணீர் பிறக்கிறது என்றும், அத்தண்ணீரைப் பகுத்தால் ஜலவாயுவும் பிராணவாயுவும் வரும் என்றும், எஞ்சிய கரி கரியமில வாயுவாகிறது என்றும் காட்டி, ஆறாம் நாளில் மனிதனின் மூச்சுக்கே வந்துவிடுகிறார். ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏழு அவுன்ஸ் அளவு கரியைத் தன் உடலில் எரிக்கிறான், குதிரையோ 79 அவுன்ஸ் எரிக்கிறது என்று அவர் சொல்லும்போது, எதிரே இருக்கும் ஒவ்வொரு சிறுவனும் தானே ஒரு வர்த்தியாக எரிந்துகொண்டிருப்பதை உணர்கிறான். காற்றழுத்தத்தை விளக்குவதற்கோ அவர் கையாண்டது, உருளைக்கிழங்குத் துண்டைத் தக்கையாக அடைத்த இறகுக் குழல். பிள்ளைகள் வீட்டில் செய்து விளையாடும் துப்பாக்கி அது. கையிலுள்ள கல்லை விட்டால் கீழே விழும் என்று சொல்ல நேர்ந்தால்கூட, சொல்வதோடு நிற்காமல் கையைத் திறந்து கல்லை விழவிட்டே காட்டுவேன் என்று இளம் பிரசங்கி ஒருவருக்கு அவர் யோசனை கூறியதாகச் சொல்வர்.

முதல் முறை நிகழ்த்திய மெழுகுவர்த்திப் பிரசங்கங்களைக் கேள்வியுற்ற சார்லஸ் டிக்கன்ஸ், 1850-இல் பாரடேக்கு எழுதி அவருடைய குறிப்புக்களை இரவலாகப் பெற்று, தாம் நடத்திய வாரப் பத்திரிகையில் அதை ஒரு கட்டுரையாக எழுதுவித்தார். கட்டுரையின் அமைப்பே சுவையானது. பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய சிறுவன் ஒருவன், நம்ப மறுக்கும் மாமனுக்கு, மேசையிலிருக்கும் வர்த்தியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்குகிறான். விஷயம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பதற்கு, கேட்டவன் இன்னொருவனுக்குச் சொல்ல வல்லவனா என்பதைவிடப் பெரிய உரைகல் இல்லை என்பதைப் பத்திரிகைக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

மேடைக்கு வெளியிலும் இதே போக்கு. 1855-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு நாள், நீராவிப் படகில் தேம்ஸ் நதியின்மேல் சென்ற பாரடே, நீரின் நாற்றமும் நிறமும் சகிக்க முடியாதிருக்கக் கண்டு, வெள்ளை அட்டைகளைக் கிழித்து, எளிதில் மூழ்கும்படி நனைத்து, படகு நின்ற ஒவ்வொரு துறையிலும் தண்ணீரில் போட்டார். வெயில் நன்கு அடித்துக்கொண்டிருந்தபோதே, ஒரு அங்குல ஆழம் இறங்குவதற்குள் அவை கண்ணுக்கு மறைந்தன. இதை அப்படியே லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். நதி அசுத்தமாயிருக்கிறது என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். ஒரு அங்குலம் என்ற அளவு ஒன்றே வாசகன் கண்ணுக்குள் நதியைக் கொண்டுவந்தது. பஞ்ச் என்னும் விகடப் பத்திரிகை, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாரடே தம் அட்டையை நதிக் கிழவனிடம் நீட்டுவதாகப் படம் போட்டது.

இவ்வளவும் சொல்லிய பிறகு, அவர் தோற்ற இடங்களையும் சொல்லாவிட்டால் இது புகழ்மாலையாகிவிடும்.

1853-இல் மேசை சுழற்றும் வெறி இங்கிலாந்தைப் பிடித்தது. பலர் மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை அதன்மேல் வைத்திருந்தால் மேசை தானே நகரும். ஆவிகள் நகர்த்துகின்றன என்றனர் சிலர், மின்சாரம் என்றனர் வேறு சிலர். பாரடே, இரண்டு மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவே உருளும் கண்ணாடிக் கோல்கள் வைத்து அமைத்து, அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் நெம்புகோல் ஒன்றை அதில் இணைத்தார். மேசை கையை இழுக்கிறதாயின் மேற்பலகை பிந்தும். கை மேசையைத் தள்ளுகிறதாயின் மேற்பலகை முந்தும். அது முந்தியது. நேர்மையானவர்களே, தாம் தள்ளுகிறோம் என்றறியாமல் தள்ளிக்கொண்டிருந்தனர். அவர்கள் கண்ணெதிரே அந்த நெம்புகோலை வைத்தவுடன் மேசை அசையவே இல்லை. ஒருவனைக் குற்றம் சாட்டாமல், அவன் தவறை அவன் கண்ணாலேயே பார்க்க வைக்கும் உபாயம் இது. விளக்கக் கலையில் இதைவிட நாகரிகமான கருவியை நான் அறியேன். ஆனால் நடந்தது என்ன? நம்பியவர்கள் நம்பிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு வந்து குவிந்த கடிதங்களைக் கண்டு மனம் கசந்தார். மறு ஆண்டு மே மாதத்தில், அரசியாரின் கணவர் ஆல்பர்ட் முன்னிலையில், மனப் பயிற்சியைப் பற்றிப் பேசுகையில், மக்களிடம் குறைந்திருப்பது தீர ஆராய்ந்து முடிவு செய்யும் ஆற்றலே என்று வருந்தினார். தெரிந்துகொள்ள வந்தவனுக்கு எதையும் தெரிவித்துவிடலாம். தெரிந்துகொள்ள விருப்பமில்லாதவன் முன் மெழுகுவர்த்தியும் பயனில்லை.

அவர் சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர். அதில் மூப்பராக இருந்து உபதேசமும் செய்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவரைக் கேட்டுவிட்டு, அதே மின்னல் தேவாலயத்திலும் இருக்குமென்று போனவர்கள் ஏமாந்தார்கள். வேத வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசித்துக் கோத்துச் சொல்வதன்றி வேறொன்றும் அவர் செய்யவில்லையாம். அங்கே தம் சொல்லுக்கு இடமில்லை என்று கருதினார் போலும். அதைத் திறமைக் குறைவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது தோல்வியே கனமானது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசையாக அமைவதைக் கண்டு, வெளியெங்கும் விசைக்கோடுகள் நிறைந்திருக்கின்றன, விசை அவற்றின் வழியே பரவுகிறது என்ற கொள்கையைப் பாரடே பல ஆண்டுகளாக வளர்த்துவந்தார். அவருக்குக் கணிதம் தெரியாது. தம் சோதனைகளை ஆயிரக்கணக்கான பாராக்களாக, இலக்கமிட்டு, வெறும் வசனத்திலேயே எழுதினார். சிறுவர்க்கு விளங்கும்படி பேசிய அதே மனிதர் எழுதியவை, கணிதத்தில் கரைகண்ட பௌதிகப் பேராசிரியர்களுக்குத் தெளிவற்ற கற்பனையாகப் பட்டன. அரசாங்க வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி, தொலைவிலிருந்தே ஈர்க்கும் விசையைக் கொண்டு கணித்த முடிவுகள் இத்தனை துல்லியமாகப் பொருந்தும்போது, இந்தத் தெளிவற்ற கோடுகளை எவன் ஏற்பான் என்ற கருத்துப்பட 1855-இல் எழுதினார். பாரடே கேட்போன் நிலையை நன்கறிந்தவர் என்றேன். ஆனால் அவர் ஒருபோதும் அமர்ந்திராத பலகை ஒன்று இருந்தது, அது கணிதம் பயின்றவன் அமரும் பலகை. அவர்களுக்கு எங்கே தடைப்படும், எந்தக் குறியீட்டைக் கண்டால் தெளிவு பிறக்கும் என்பதை அனுபவத்தால் உணர அவருக்கு வழியில்லை.

அதே 1855-ஆம் ஆண்டு டிசம்பரில், கேம்பிரிட்ஜில், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற 24 வயது இளைஞர், பாரடேயின் விசைக்கோடுகளைப் பற்றிய தம் கட்டுரையின் முதற் பகுதியைப் படித்தார். அக்கோடுகளைக் குழாய்களில் ஓடும் திரவத்தைப்போல் பாவித்து அவற்றுக்குக் கணித ரூபம் கொடுத்திருந்தார். கட்டுரையைப் பெற்ற கிழவர், இத்தனை கணித பலம் இந்த விஷயத்தின்மேல் பிரயோகிக்கப்படுவதைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், விஷயம் அதைத் தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் எழுதினார். 1857 நவம்பரில் எழுதிய இன்னொரு கடிதத்தில், கணிதர்கள் தம் முடிவுகளைச் சித்திர எழுத்தில் எழுதுவதோடு, சோதனை செய்வோரும் பயன்படுத்தும்படி சாதாரண பாஷையிலும் எழுதித் தரலாகாதா, நீர் எனக்கு எழுதும்போது அப்படித்தான் விளங்குகிறது என்று கேட்டார். அக்கோரிக்கையில் எரிச்சல் இல்லை; 66 வயதில், உலகின் தலைசிறந்த சோதனையாளர், மறுபடியும் மாடத்தில் போய் உட்கார்ந்து கேட்கத் தயாராயிருந்தார்.

மாக்ஸ்வெல்லின் பேச்சு வன்மையைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1860-இல், எடின்பரோ சர்வகலாசாலையில் காலியான பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பம் செய்தார். அது அவருடைய பால்ய நண்பர் டெயிட்டுக்குப் போயிற்று. பயிற்சி குறைந்த மாணாக்கருக்கு வாய்மொழியாக எடுத்து விளக்கும் திறம் மாக்ஸ்வெல்லிடம் போதாது என்று அவ்வூர்ப் பத்திரிகை காரணம் கூறியது. சிந்தனை நாவை முந்திக்கொண்டு ஓடும், உவமை உவமையாகத் தாவுவார், கணக்கில் தவறுவார் என்பது அவரிடம் படித்தோர் பொதுவாகச் சொல்லியது. ஆகவே, பாரடேயை உலகிலேயே மிக நன்றாகப் புரிந்துகொண்ட மனிதர், வகுப்பறையில் தோற்றவர்தாம். அவர் கற்றிருந்தது வேறு பாதி. 1873-இல் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய பெருநூலை வெளியிட்டபோது, அதன் முகவுரையில், பாரடேயின் ஆராய்ச்சித் தொகுதிகளை முற்றும் படித்து முடிக்கும் வரை அவ்விஷயத்தில் கணித நூல் எதையும் தொடுவதில்லை என்று தாம் இளமையில் உறுதி பூண்டிருந்ததையும், அப்படிப் படித்தபோது, குறியீடுகள் இல்லாதிருந்தும் பாரடேயின் முறை கணித முறையே என்று கண்டுகொண்டதையும் எழுதியிருக்கிறார்.